முப்பது ஆண்டு காத்திருந்த இலை

1989 ஆகஸ்டில் ஸீனோ டேவிடாஃப் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கியூபச் சுருட்டுகளை ஊரறியக் கொளுத்தினார். எல்லாம் அவர் பெயரையே தாங்கியவை. தரம் தாழ்ந்துவிட்டது, இதை என் பெயரில் விற்க முடியாது என்பது அவர் கட்சி. ஜெனீவாவில் கடை வைத்து ஐரோப்பியப் பணக்காரர்களுக்குச் சுருட்டின் ருசியைப் பழக்கியவர் அவர். 1960களின் இறுதியிலிருந்து ஹவானாவின் எல் லகீதோ பட்டறையில் அவருக்கென்று தனியாகச் சுருட்டு சுற்றினார்கள். பிடல் காஸ்ட்ரோவுக்கான கோஹிபா சுருட்டுகள் தயாரானதும் அதே பட்டறையில்தான். கியூப அரசின் புகையிலை நிறுவனத்தோடு மூண்ட பிணக்கு தீரவேயில்லை. 1990களின் தொடக்கத்தில் ஒப்பந்தம் முடிந்தது. டேவிடாஃப் நிறுவனம் டொமினிக்கன் குடியரசுக்கு இடம் பெயர்ந்தது.

இதனால் கியூப டேவிடாஃப் என்பது முடிந்துபோன சரக்காகிவிட்டது. இன்று கையிருப்பில் உள்ளவற்றில் மிக இளையதற்கே முப்பது வயது தாண்டிவிட்டது. யாரோ ஒருவர் ஒன்றைப் பற்றவைத்தால் உலகக் கணக்கில் ஒன்று குறைகிறது. அவற்றில் டோம் பெரின்யோன் என்று ஷாம்பெய்னின் பெயர் வைத்த ஏழு அங்குலச் சுருட்டு ரசிகர்களிடம் தனி மதிப்புப் பெற்றது. ஒரு பெட்டி ஏலத்துக்கு வந்தால் விலை ஆயிரக்கணக்கான டாலரில் போகும். புகைத்தவர்கள் தேன், தேயிலை, பழைய மரம், காய்ந்த பூ என்றெல்லாம் எழுதுகிறார்கள். ‘பட்டுப்போல்’ என்ற சொல் எப்படியும் வந்துவிடும்.

செத்த இலை அது. பறித்து, உலர்த்தி, புழுங்கவைத்து, சுற்றி, பெட்டியில் அடைத்தது. அதற்குள் முப்பது ஆண்டுகளாக என்னதான் நடக்கிறது? பழையது என்றாலே உயர்ந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். வேதியியல் சொல்லும் கதை கொஞ்சம் வேறு. காலம் இந்த இலைக்குள் எதையும் பெரிதாகச் சேர்ப்பதில்லை. பெரும்பாலும் கழிக்கிறது. எது முதலில் கழிகிறது, எது கடைசிவரை தங்குகிறது என்பதில்தான் ருசி இருக்கிறது.

பறிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் தெல் ரியோ மாகாணம். அதில் வுவெல்தா அபாஹோ வட்டாரத்துச் செம்மண்தான் சுருட்டுப் புகையிலைக்குப் பேர்போனது. செடியில் இலைகளை மொத்தமாக அறுப்பதில்லை. கீழிருந்து மேலாக, சில நாள் இடைவெளி விட்டுவிட்டுப் பறிக்கிறார்கள். அடியிலை மென்மையானது, சீராக எரிவது; அதற்கு வொலாடோ என்று பெயர். நடு இலை சேக்கோ, மணம் அதில். உச்சியில் வெயில் குடித்துத் தடித்த இலை லிஹேரோ. நிகோடினும் பிசினும் அதில்தான் மிகுதி. மேலே சுற்றும் இலை வேறு செடியிலிருந்து வருகிறது. வெயில் நேராகப் படாதபடி துணிப்பந்தலுக்குக் கீழே வளர்த்து, மெல்லியதாகவும் நரம்பு புடைக்காததாகவும் ஆக்கிய இலை அது.

பறித்த இலை கொட்டகையில் கழிகளில் தொங்குகிறது. ஏறத்தாழ ஐம்பது நாள். தொங்கவிட்டதும் இலை உடனே சாவதில்லை என்பதுதான் முக்கியம். சிகரெட்டுக்கான வர்ஜீனியா இலையைச் சூட்டறையில் வைத்துச் சில நாளில் கொன்றுவிடுகிறார்கள். அதிலுள்ள சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. கொட்டகையில் தொங்கும் இலையோ மெல்ல மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டே தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையையும் தின்று தீர்த்துவிடுகிறது. பச்சையம் சிதைகிறது, மஞ்சள் தெரிகிறது, பிறகு பழுப்பு. நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இந்த இலை பழுப்பாவதும் ஒரே வேலை: பாலிஃபீனால்களை ஒரு நொதி ஆக்சிஜனோடு சேர்த்துவிடுகிறது.

சர்க்கரை தீர்ந்துபோவதன் விளைவு புகையில் தெரியும். சர்க்கரை எரிந்தால் அமிலங்கள் வரும். ஆகவே சிகரெட் புகை அமிலத்தன்மை கொண்டது. சர்க்கரையில்லாத, புரதச்சத்து மிகுந்த சுருட்டு இலையின் புகை காரத்தன்மையை நோக்கிச் சாய்கிறது. நிகோடின் காரச் சூழலில்தான் மின்னூட்டமின்றிச் சுதந்திரமாக இருக்கும். அப்படி இருக்கும்போதுதான் வாயின் மென்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும். புகையின் பி.எச். அளவு 8 என்றால் நிகோடினில் ஏறக்குறைய பாதி சுதந்திர வடிவில் இருக்கும். 7 என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 6 என்றால் நூற்றில் ஒரு பங்கு. சிகரெட்காரர் நுரையீரல்வரை இழுக்க வேண்டியிருப்பதும், சுருட்டுக்காரர் வாயிலேயே வைத்து ஊதிவிட்டுப் போதையேறி உட்கார்ந்திருப்பதும் இந்த ஒரு கணக்கால்தான். பழஞ்சுருட்டு ஏன் மென்மையாகிறது என்பதற்கும் இதே கணக்கு தேவைப்படும்.

உலர்ந்த இலையை நனைத்துக் குவிக்கிறார்கள். குவியல் தானாகவே சூடேறுகிறது. 40 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்து, மறுபடி அடுக்குகிறார்கள். நொதித்தல் என்று இதைச் சொன்னாலும் கள் புளிப்பது போன்ற ஒற்றைச் செயல் கிடையாது. நுண்ணுயிர்கள், இலையில் மிஞ்சிய நொதிகள், காற்றின் ஆக்சிஜன் மூன்றும் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு வேலை செய்கின்றன. இத்தாலியின் டொஸ்கானோ சுருட்டு இலையை ஆராய்ந்தபோது முதலில் டெபரியோமைசெஸ் ஹன்செனி என்ற ஈஸ்ட் பெருகுவதும், சூடும் காரமும் ஏற ஏற அது ஒதுங்கி பேசிலஸ் வகைப் பாக்டீரியாக்களுக்கு இடம் விடுவதும் தெரிந்தது. புரதம் உடைகிறது. அம்மோனியா கிளம்புகிறது. புகையிலைக் கிடங்குக்குள் நுழைபவரின் கண்ணைக் கரிக்கவைப்பது அதுதான். கோஹிபாவுக்குப் போகும் சேக்கோ, லிஹேரோ இலைகளை மட்டும் மூன்றாம் முறையாகவும் புழுங்கவைப்பது எல் லகீதோவின் வழக்கம்.

மணம் பிறப்பதும் இங்கேதான். இலையின் மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் நாற்பது கார்பன் கொண்ட நீளமான மூலக்கூறுகள். அவற்றுக்கு வாசனை கிடையாது. அவை உடைந்தால் பதின்மூன்று கார்பன் கொண்ட சிறு துண்டுகள் கிடைக்கின்றன. அந்தத் துண்டுகளுக்கு அபாரமான மணம். டமாசெனோன் என்பது அவற்றில் ஒன்று. ரோஜா எண்ணெயின் மணத்துக்கும் அதுவே பெரிய காரணம். நம் மூக்கு அதை மிக மிகச் சொற்ப அளவிலேயே கண்டுபிடித்துவிடும். பீட்டா அயனோன் இன்னொன்று. கருந்தேயிலை தயாராகும்போதும் இதே கரோட்டினாய்டுகள் இதே போல் உடைகின்றன. ஆகவே பழைய ஹவானாவில் தேயிலை வாசம் வருகிறது என்று யாராவது எழுதினால் அது வெறும் கவித்துவம் என்று தள்ளிவிட வேண்டாம். இலைமேல் பிசுபிசுக்கும் மயிர்களின் பிசின் சிதைந்தால் சொலனோன் வரும். அது புகையிலைக்கே உரிய மணம்.

சுற்றி முடித்துப் பெட்டியில் அடைத்தபின் நடப்பது மெதுவான கதை. நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஈரம் இல்லை. ஆகவே எஞ்சியிருப்பது ஆவியாதலும், ஆக்சிஜனேற்றமும், நீரால் சில மூலக்கூறுகள் பிளவுபடுவதும்தான்.

முதலில் போவது இலேசானவை. புதுச் சுருட்டில் மாட்டுத்தொழுவ நெடி என்று குறை சொல்வார்களே, அந்த அம்மோனியாவும் சிறு அமீன்களும் முதல் சில மாதங்களிலும் ஆண்டுகளிலும் வெளியேறுகின்றன. இந்தப் பருவத்தில் சுருட்டுக்கு நோய் என்று சொல்லி அதைத் தொடாமல் வைப்பது ரசிகர்களின் வழக்கம். அம்மோனியா போகப்போக இலையின் காரத்தன்மை குறைகிறது. முன்பு பார்த்த கணக்குப்படி, காரம் சிறிது குறைந்தாலும் சுதந்திர நிகோடினின் பங்கு வெகுவாகக் குறையும். தொண்டையில் அடிக்கும் அடி அடங்குகிறது. ‘பட்டு’ என்று ரசிகர் சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் எண்ணம். நிகோடின் எங்கும் ஓடிவிடவில்லை. தன்னை அறிவித்துக்கொள்வதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவே.

அடுத்து வாயை உலர்த்தும் துவர்ப்பு. குளோரோஜெனிக் அமிலம், ருட்டின் போன்ற பாலிஃபீனால்கள் ஆண்டுக்கணக்கில் ஆக்சிஜனேறி, ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகின்றன; துவர்ப்பு தணிகிறது. ஹாங்காங்கைச் சேர்ந்த மின் ரோன் நீ 2003இல் வெளியிட்ட ஹவானா சுருட்டுக் கலைக்களஞ்சியத்தில் முதிர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்து எழுதினார். சுருட்டு உலகம் இன்றும் அந்தப் பகுப்பைத்தான் ஒப்பிக்கிறது. கூர்மையான கவனிப்பு அது. ஆனால் நாக்கை மட்டும் நம்பிச் செய்த பகுப்பு. ஒயினிலிருந்து கடன் வாங்கிய டானின் விளக்கம் அதில் நிறைய வருகிறது. புகையிலையிலோ அசல் டானின்கள் அரிது.

மூன்றாவதாகக் கழிவது, கழியக்கூடாதது: மணம். டமாசெனோனும் அயனோனும் கனமான மூலக்கூறுகள் என்பதால் அம்மோனியாவைப்போல் ஓடிவிடுவதில்லை. ஆனாலும் அவற்றுக்கும் முடிவு உண்டு. ஆக, இரண்டு சரிவுகளைக் கற்பனை செய்துகொள்ளலாம். எரிச்சல் வேகமாகச் சரிகிறது. மணம் மெதுவாகச் சரிகிறது. எரிச்சல் தரையைத் தொட்டு மணம் இன்னும் உயரத்தில் இருக்கும் காலம்தான் சுருட்டின் நல்ல காலம். லிஹேரோ மிகுந்த, பிசின் கனத்த சுருட்டுக்கு அது பல பத்தாண்டுகள் நீளலாம். மெல்லிய கலவைக்குச் சீக்கிரமே முடிந்துவிடும். முடிந்தபின் மிஞ்சுவது விலையுயர்ந்த வெறும் புகை. முப்பது ஆண்டுச் சரக்கில் ஏமாற்றம் தரும் சுருட்டுகள் கணிசமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். காசு கொட்டி வாங்கியவர் அதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

காலம் எதையும் பெரிதாகச் சேர்ப்பதில்லை என்று சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு: பெட்டி. சுருட்டுப் பெட்டிக்கான மரத்தை ஸ்பானிய சிடார் என்று வணிகத்தில் அழைக்கிறார்கள். இமயத்துத் தேவதாருவுக்கும் அதற்கும் உறவு இல்லை. செட்ரெலா ஒடொராட்டா என்ற அந்த மரம் நம் வேம்பின் குடும்பம், மகோகனிக்கும் உறவு. அதன் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் இலைக்குள் ஊறுகிறது. ‘பழைய மரம்’ என்று ரசிகர் எழுதுவது பல வேளைகளில் உண்மையிலேயே மரம்தான்.

ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 16 முதல் 18 டிகிரி: நல்ல சேமிப்பறைக்கான வரம்பு இது. ஈரம் ஏறினால் பூஞ்சணம். பழைய சுருட்டின்மேல் படியும் வெண்பொடியை முதிர்ந்த எண்ணெயின் படிகம் என்று புகழ்ந்து விற்பவர்கள் உண்டு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பூஞ்சண இழைகள்தான் தெரியும். வெப்பம் ஏறினால் வண்டு. லாசியோடெர்மா செரிகார்னே என்ற அந்தச் சிறு பழுப்பு வண்டை நமக்கும் தெரியும். மஞ்சளையும் மல்லியையும் பொடியாக்குவது அதே இனம். இலைக்குள் முட்டை உறங்கும், அறை சூடானால் பொரியும், புழு சுருட்டை நீளவாக்கில் துளைத்துப்போட்டுவிடும். இப்போது கியூபாவில் சுருட்டுகளை உறையவைத்து முட்டைகளைக் கொன்றபின்தான் ஏற்றுமதி செய்கிறார்கள். டேவிடாஃப் காலத்துப் பெட்டிகளுக்கு அந்தக் காப்பு கிடையாது. சென்னையில் மே மாதம் மின்சாரம் போகும் வீட்டில் அப்படியொரு பெட்டியை வைத்திருப்பவர் வண்டுக்குத்தான் விருந்து வைக்கிறார்.

இனி, பற்றவைத்தபின். இழுக்கும்போது சுருட்டின் நுனிக்கங்கு 800, 900 டிகிரிவரை போகும். அங்கே எரிவதற்குச் சுவை இல்லை. சாம்பலும் கரியமில வாயுவும்தான். கங்குக்குச் சற்றுப் பின்னால், ஆக்சிஜன் குறைந்த இடத்தில், இலை எரியாமல் வெந்து உடைகிறது. பைரசீன்கள் அங்கே பிறக்கின்றன; வறுத்த காப்பிக்கொட்டையிலும் கொக்கோவிலும் உள்ளவையும் அவையே. மரச்சத்து உடைந்து குவாயகால் வரும். புகைபோட்ட உணவின் வாசனை அது. அதற்கும் பின்னால், நூறு இருநூறு டிகிரி இடத்தில், டமாசெனோன் போன்றவை உடையாமலே ஆவியாகிப் புகையோடு சேர்கின்றன. முப்பது ஆண்டு காத்த பொருள் இந்தப் பின்வரிசையில்தான் இருக்கிறது. அவசரப்பட்டு இழுத்தால் கங்கு சூடேறி முன்வரிசையே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் இழுக்காதே என்ற பழைய விதி நாகரிகத்துக்காக ஏற்பட்டதில்லை. போகப்போகத் தாரும் நிகோடினும் வாய்ப்பக்கமுள்ள இலையில் படிந்துகொண்டே வரும். கடைசி மூன்றில் ஒரு பங்கு கடுப்பது அதனால்.

சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. 1887இல் வந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலில் ஷெர்லக் ஹோம்ஸ் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். சாம்பலின் நிறத்தையும் உறுதியையும் இலையிலுள்ள பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் உப்புகள் தீர்மானிக்கின்றன என்பது உண்மை. பொட்டாசியம் மிகுந்தால் கங்கு அணையாமல் நிற்கும். குளோரைடு மிகுந்த மண்ணில் விளைந்த இலை அடிக்கடி அணையும். ஒரு சிட்டிகைச் சாம்பலிலிருந்து ஊர்ப்பெயர் சொல்வது ஹோம்ஸால் மட்டுமே முடியும்.

நாக்குக்கு இதில் வேலை குறைவு. கசப்பு, சிறிது புளிப்பு, உப்பின் சாயல் என்பதோடு அது நின்றுவிடும். மற்றதெல்லாம் மூக்கு. வாயில் நிற்கும் புகையில் ஒரு சிறு பகுதியைத் தொண்டையின் பின்வழியாக மூக்கில் விட்டு வெளியேற்றுவார்கள் தேர்ந்த ரசிகர்கள். அந்த நேரத்தில்தான் கொக்கோவும் தேனும் தெரிகின்றன. சுறுக்கென்று குத்துவது சுவையும் இல்லை, மணமும் இல்லை. முகத்து முந்நரம்பின் வலியுணர்வு அது. நிகோடினே அதைத் தூண்டக்கூடியது. புதுச் சுருட்டை இப்படி மூக்கில் விட்டால் கண்ணில் நீர் வரும். பழையதில் குத்தல் அடங்கியிருப்பதால் மூக்கு அஞ்சாமல் திறக்கிறது. அடியிலிருந்த மெல்லிய மணங்கள் புதிதாக வந்தவைபோல் தோன்றுகின்றன. எரிச்சலின் இரைச்சல் நின்றபிறகுதான் அவை கேட்கின்றன.

இந்த இடத்தில் ஆய்வாளன் கேட்கும் கேள்வி ரசிகருக்குப் பிடிக்காது. இதை எதோடு ஒப்பிட்டீர்கள்? ஒரே சுருட்டை ஐந்தாம் ஆண்டிலும் முப்பதாம் ஆண்டிலும் புகைக்க முடியாது. பக்கத்திலுள்ள சுருட்டு வேறு கையால் சுற்றியது. புதுப் பெட்டியோடு ஒப்பிடலாமென்றால் செடியே வேறு. 1979, 80இல் நீலப்பூஞ்சண நோய் கியூபாவின் புகையிலை விளைச்சலில் பெரும்பகுதியை அழித்தது. பிறகு கொரோஹோ என்ற பழைய மேலிலை ரகம் கைவிடப்பட்டு, நோய் தாங்கும் கலப்பினங்கள் வந்தன. ஆகவே ‘அந்தக் காலத்துச் சுருட்டு’ என்று உருகுபவர் வயதை ருசிக்கிறாரா, கொரோஹோவை ருசிக்கிறாரா என்பது அவருக்கே தெரியாது.

இதோடு எதிர்பார்ப்பின் வேலையும் விலையின் வேலையும் சேரும். 2001இல் பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு, நிறமூட்டிச் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். 2008இல் கலிபோர்னியாவில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலை கூடியதாகச் சொன்ன வேளையில் மூளையில் இன்பத்தை எடைபோடும் பகுதி கூடுதலாக ஒளிர்ந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கூடுதலாக இன்பம் அடைந்தார்கள். பட்டையில் டேவிடாஃப் என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் பற்றவைப்பவரின் மூளையும் மூளைதான். என் தீர்ப்பு இது: நன்கு சேமித்த பத்துப் பதினைந்து ஆண்டு ஹவானாவையும் முப்பது ஆண்டு டேவிடாஃபையும் பட்டையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தால், விலையில் உள்ள வித்தியாசம் ருசியில் தேறாது.

காலம் கழிக்காத ஒன்று மிச்சமிருக்கிறது. மணத்தைப் பிறப்பித்த அதே நொதித்தலில் இலையின் நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக்குகின்றன. அது நிகோடின் வகை ஆல்கலாய்டுகளோடு சேர்ந்து புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களைத் தருகிறது. அவற்றில் என்.என்.என்., என்.என்.கே. இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்று உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அம்மோனியாபோல் அவை ஆவியாகி ஓடுவதில்லை. முப்பது ஆண்டு பெட்டியில் இருந்தாலும் இலையிலேயே தங்கும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் தப்பிக்க வழியில்லை. முதுமை அகற்றுவது எரிச்சலை, அதாவது உடம்பு தரும் எச்சரிக்கையை மட்டும்.

நாளுக்கு இருபது சுருட்டுவரை பிடித்த சிக்மண்ட் பிராய்டுக்கு 1923இல் வாயில் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. மேல்தாடையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைத் தாடை பொருத்தினார்கள். அதற்குப் பிறகும் அவர் சுருட்டை விடவில்லை. 1939இல் லண்டனில் அந்த நோயின் முற்றிய நிலையில் இறந்தார்.